நம்ம தெருவுக்கு ஒரு டைரக்டரி: ஆரம்பத்துலேந்து கடைசி வரைக்கும் எப்படி பண்றதுன்னு முழு வழிகாட்டி

2015 டிசம்பர் 1 ராத்திரி. நாங்க இருக்கிறது மேற்கு தாம்பரம் தாண்டி முடிச்சூர் பக்கம். அந்த 24 மணி நேரத்துல தாம்பரத்துல மட்டும் 49 செ.மீ. மழை. எல்லாரும் செம்பரம்பாக்கம் ஏரி, செம்பரம்பாக்கம் ஏரின்னு தான் பேசுனாங்க, ஆனா எங்க பக்கம் வந்தது அந்த தண்ணி கிடையாது, ஆதனூர் மணிமங்கலம் பக்கத்து ஏரிங்க நிரம்பி வழிஞ்சு அடையாறுல இறங்குன தண்ணி. கரண்ட் போச்சு, கொஞ்ச நேரத்துல போன்ல சிக்னலும் போச்சு. நாங்க மாடில இருந்தோம். எதிர்ல வரிசையா தரைதள வீடுங்க, அதுல ஒரு வீட்ல மட்டும் மெழுகுவர்த்தி வெளிச்சம் கூட இல்ல, கதவு சாத்தியிருக்கு. ஆள் இருக்காங்களா ஊருக்கு போயிட்டாங்களான்னு எங்க யாருக்கும் தெரியல. ஏழு வருஷமா எதிர் எதிர்ல இருக்கோம், அந்த வீட்டுக்காரர் பேரு கூட எனக்கு தெரியாது.

காலைல இடுப்பளவு தண்ணில கயிறு புடிச்சுட்டு வந்த நம்ம இஸ்திரி வண்டிக்காரர் தான் பார்த்ததும் சொன்னாரு, "சார் உள்ள ஆள் இருக்காங்க, ஞாயித்துக்கிழமை தான் துணி குடுத்துட்டு வந்தேன், ரெண்டு பேருமே வயசானவங்க, ஐயாவுக்கு நடக்க முடியாது". பூட்ட உடைச்சு போனா ரெண்டு பேரும் டைனிங் டேபிள் மேல ஒருத்தர ஒருத்தர் புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. நல்லபடியா வெளிய கொண்டுவந்துட்டோம். ஆனா அந்த ராத்திரி முழுக்க நாங்க பத்து பதினஞ்சு பேர் முப்பது அடி தள்ளி மாடில நின்னுட்டு இருந்தோம்ங்கிறது இன்னிக்கும் எனக்கு நெஞ்ச அடைக்குது.

தெருவ பத்தின விவரம் எல்லாமே தெருவுலயே தான் இருக்கு. இஸ்திரி போடுறவர்கிட்ட கொஞ்சம், பால் பாக்கெட் போடுற அம்மாகிட்ட கொஞ்சம், மளிகை கடை அண்ணாச்சிகிட்ட கொஞ்சம்னு சிதறி கிடக்கு. அத ஒரு இடத்துல எழுதி வெச்சு எல்லார் கைலயும் குடுக்கிறதுதான் டைரக்டரி. மறுவருஷம் நாங்க ஆரம்பிச்சோம், இன்னும் போட்டுட்டு இருக்கோம். அதுல கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். யாருக்காவது உதவும்.

இதனால நிஜமாவே பிரயோஜனம் இருக்கா

இருக்கு. 1995 ஜூலைல அமெரிக்காவுல சிகாகோல கடுமையான வெயில் அலை வந்துச்சு, வழக்கத்த விட 739 பேர் அதிகமா செத்துப்போனாங்க, அதுல நிறைய பேர் தனியா இருந்த பெரியவங்க. அங்க எங்கிள்வுட், ஆபர்ன் கிரெஷம்னு பக்கத்து பக்கத்துல ரெண்டு ஏரியா. ரெண்டுலயும் கறுப்பின மக்கள் தான் பெரும்பாலும், ரெண்டும் ஏழைங்க ஏரியா, தனியா இருக்கிற வயசானவங்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனா எங்கிள்வுட்ல லட்சத்துக்கு 33 பேர் செத்தாங்க, ஆபர்ன் கிரெஷம்ல லட்சத்துக்கு 3 பேர். ரெண்டாவது ஏரியால கடைங்க மூடாம இருந்துச்சு, ஜனங்க தெருவுல நடமாடுனாங்க, தெருவுக்கு தெரு சங்கம் இருந்துச்சு, யார் வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்கன்னு தெரிஞ்சு போய் கதவ தட்டி பார்த்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே 1995 ஜனவரி 17ல ஜப்பான்ல கோபே நிலநடுக்கம். இடிபாட்டுல மாட்டுனவங்கள்ல பெரும்பாலானவங்கள வெளிய எடுத்தது அக்கம்பக்கத்துக்காரங்க தான், ஏன்னா இந்த வீட்ல பாட்டி எந்த ரூம்ல படுப்பாங்கன்னு அவங்களுக்கு தான் தெரியும். பின்னாடி 2013ல ஜப்பான் சட்டத்தையே திருத்தி, பேரிடர் நேரத்துல தானா வெளிய வர முடியாதவங்க பட்டியல உள்ளாட்சி அமைப்புங்க கட்டாயம் தயார் பண்ணி வெக்கணும்னு கொண்டுவந்துட்டாங்க.

நம்ம ஊர்லயும் 2015ல தன்னார்வலர் பசங்க ராத்திரியோட ராத்திரியா ஆன்லைன்ல ஷீட் போட்டு யார் வீட்ல தங்க இடம் இருக்கு, எங்க சாப்பாடு கிடைக்குதுன்னு தொகுத்தாங்களே, அது எத்தனை பேர காப்பாத்துச்சு. வெள்ளம் வந்தப்புறம் அவசரத்துல போட்டத வெள்ளத்துக்கு முன்னாடி நிதானமா நம்ம தெருவுக்கு மட்டும் போட்டு வெக்கிறோம், அதுதான் கணக்கு.

முதல்ல எல்லைய போடுங்க, சின்னதா போடுங்க

எல்லாரும் பண்ற முதல் தப்பு நகர் முழுக்க ஒரே மூச்சுல போடணும்னு ஆரம்பிக்கிறது. 600 வீடு, 12 தெரு, மூணாவது வாரத்துல ஆள் கழண்டுருவாங்க. ஒரு தெரு, இல்லன்னா ரெண்டு குறுக்கு தெரு, 40லேந்து 80 வீடு வரைக்கும் எடுத்துக்கோங்க. அது முடிஞ்சதும் பக்கத்து தெருக்காரங்க அத பார்த்துட்டு "எங்களுக்கும் போடலாமே"ன்னு தானா வருவாங்க, எங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு.

சங்கம் பதிவு பண்ணிட்டு தான் இதெல்லாம் பண்ணணுமான்னு சிலர் கேக்குறாங்க. தேவையே இல்ல. தமிழ்நாடு சங்கங்கள் பதிவு சட்டம் 1975 கீழ நலச்சங்கம் பதிவு பண்றது நல்ல விஷயம், ஆனா அது வேற வேலை. நாலு பேர் போதும் டைரக்டரிக்கு. இன்னொன்னு, ஏற்கனவே நலச்சங்கம் இருந்தா அவங்க மெம்பர் லிஸ்ட்ட அப்படியே எடுத்து டைரக்டரின்னு போட்டுறாதீங்க, அதுல சொந்த வீட்டுக்காரங்க மட்டும் தான் இருப்பாங்க. வாடகைக்கு இருக்கிறவங்க, மாடி ரூம்ல தங்கியிருக்கிற பேச்சலர் பசங்க, கட்டி முடியாத வீட்ல காவலுக்கு இருக்கிற குடும்பம், ஒடிசாவுலேந்து பீகார்லேந்து வந்து ஷெட்ல தங்கி வேலை பார்க்கிற தம்பிங்க, இவங்க எல்லாம் தெருவுல இருக்கிறவங்க இல்லையா? தண்ணி வந்தா அவங்க ஷெட்டுக்கு தான் முதல்ல வரும். இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருப்பேன், முதல் வருஷமே இதுக்காக ஒரு பெரியவர்கிட்ட வாக்குவாதம் ஆச்சு, "வாடகைக்காரங்க இன்னிக்கு இருப்பாங்க நாளைக்கு போவாங்க"ன்னாரு, இன்னிக்கு இருக்கிறாங்கல்ல ஐயா அதுக்குத்தான் போடுறோம்னு சொன்னேன்.

எப்ப ஆரம்பிக்கணும்

ஜூலை கடைசி ஆகஸ்ட். ஏன்னா ஜூன்ல ஸ்கூல் திறக்கிறத ஒட்டி தான் வாடகை வீடு மாறுறது அதிகம், அது அடங்குனதும் ஆரம்பிச்சா விவரம் ஒரு வருஷம் தாங்கும். அக்டோபர்ல வடகிழக்கு பருவமழை, அதுக்குள்ள, செப்டம்பர் கடைசிக்குள்ள புத்தகம் எல்லார் கைலயும் இருக்கணும்.

வீடு வீடா போறது

இதுதான் மொத்த வேலையோட உயிர்நாடி. கூகுள் ஃபார்ம் லிங்க்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விட்டா ஆச்சேன்னு தோணும், நாங்களும் போட்டோம். வந்தது யாருன்னு பார்த்தா ஏற்கனவே குரூப்ல தெனம் குட்மார்னிங் போடுறவங்க தான் ஃபில் பண்ணியிருந்தாங்க. யார் வீட்டு விவரம் நமக்கு அவசியமோ, அந்த தனியா இருக்கிற பாட்டி, ராத்திரி ஷிஃப்ட் போற நர்ஸ் பொண்ணு, கடைசி வீட்டு வெல்டிங் பட்டறைக்காரர், இவங்க யாரும் அதுல வரல. நேர்ல தான் போகணும்.

ரெண்டு ரெண்டு பேரா போங்க, அதுல ஒருத்தர் கண்டிப்பா பெண்ணா இருக்கட்டும். தெருவுல பல வருஷமா இருக்கிற அம்மா ஒருத்தர், கூட காலேஜ் படிக்கிற பையனோ பொண்ணோ, இந்த ஜோடி ரொம்ப நல்லா வேலை செய்யும், அம்மா பேசுவாங்க பிள்ளைங்க எழுதுவாங்க. ஞாயித்துக்கிழமை காலைல 10லேந்து 12, இல்ல சாயங்காலம் 5 மணிக்கு மேல. மத்தியானம் தூங்குற நேரத்துல போய் பெல் அடிக்காதீங்க. தெரியாத வீட்டுக்கு முதல் தடவ போறப்போ அந்த வீட்டுக்கு தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு போங்க, எங்களுக்கு அது இஸ்திரி அண்ணன் தான், அவர் வாசல்ல நின்னு "அம்மா நம்ம தெருக்காரங்க தான்"னு ஒரு குரல் குடுத்தா போதும், கதவு திறந்துரும்.

ஒரு வீட்டுக்கு பத்து நிமிஷம்னு கணக்கு போட்டோம், அரை மணி நேரம் ஆச்சு. காபி குடுக்கிறாங்க, பையன் கல்யாண ஆல்பத்த காட்டுறாங்க, தெரு லைட் எரியலன்னு புலம்புறாங்க. அவசரப்படாதீங்க. மூணு வீடு தள்ளி தள்ளி இருந்த ரெண்டு அம்மாங்க ஒரே ஊரு, திருவண்ணாமலை பக்கம் ஒரே ஸ்கூல்ல படிச்சவங்கன்னு நாங்க போய் எழுதுனப்போ தான் தெரிஞ்சுது, அதுக்கப்புறம் ரெண்டு பேரும் தெனம் சேர்ந்து வாக்கிங் போறாங்க. புத்தகம் அச்சாகுறதுக்கு முன்னாடியே இந்த மாதிரி பாதி வேலை நடந்துரும்.

ஃபார்ம்ல என்ன கேக்கணும்

ஒரு பக்கம், பெரிய எழுத்து, தமிழ்ல. தமிழ் படிக்கத் தெரியாதவங்களுக்கு நீங்களே கேட்டு எழுதிக்கோங்க.

முதல்ல முகவரி, இதுல தான் நம்ம ஊர்ல பெரிய குழப்பமே. பழைய நம்பர், புது நம்பர், லேஅவுட் போட்டப்போ குடுத்த ப்ளாட் நம்பர்னு ஒரே வீட்டுக்கு மூணு நம்பர் இருக்கும். மூணையும் எழுதுங்க. எங்க பக்கத்துலயே ஒரே பேர்ல ரெண்டு "பாரதி தெரு" இருக்கு, ஒரு தடவ நெஞ்சு வலின்னு 108க்கு போன் பண்ணிட்டு வண்டி அடுத்த நகர் பாரதி தெருவுல போய் நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் "ஆம்புலன்ஸ்காரருக்கு எப்படி வழி சொல்வீங்க"ன்னு ஒரு கேள்வி சேர்த்தோம். "பிள்ளையார் கோயில்லேந்து இடது, மூணாவது வேப்பமரம்"னு அவங்க சொல்ற மாதிரியே எழுதி வெச்சிருக்கோம். பதட்டத்துல அவங்கவங்க வீட்டுக்கு வழி சொல்லவே வாய் வராது, பார்த்து படிச்சா போதும்.

அடுத்து குடும்பத்துல பெரியவங்க பேரு, போன் நம்பர் ரெண்டு, அதுல ஒன்னு இந்த வீட்ல இல்லாத ஒருத்தரோடது, பெங்களூர்ல இருக்கிற மகன், செங்கல்பட்டுல இருக்கிற தங்கச்சி மாதிரி. குடும்ப தலைவர்னு ஆம்பளை நம்பர மட்டும் வாங்கிட்டு வராதீங்க, பகல்ல வீட்ல இருக்கிறது யாரு?

ரத்த வகை, விருப்பம் இருந்தா மட்டும். 18லேந்து 65 வயசு, 45 கிலோவுக்கு மேல, உடம்பு நல்லா இருக்கணும், ஆம்பளைங்க 3 மாசத்துக்கு ஒரு தடவ பொம்பளைங்க 4 மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் குடுக்கலாம், அதனால கடைசியா எப்ப குடுத்தாங்கன்னு ஒரு கட்டம் வெச்சுட்டா யார முதல்ல கூப்பிடணும்னு தெரியும்.

அப்புறம் எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி, "உங்க வீட்ல என்ன இருக்கு, குடுத்து வாங்கலாமா". வீல்சேர், வாக்கர், பெரிய ஏணி, டிரில்லிங் மெஷின், தண்ணி இறைக்கிற மோட்டார், பெரிய அண்டா குண்டா, மடக்கு நாற்காலி. அப்பா இறந்தப்புறம் மூலையில சாத்தி வெச்ச வாக்கர் மட்டும் எங்க தெருவுல நாலு வீட்ல இருந்துச்சு, அதே தெருவுல ஒரு அம்மா இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வந்து புதுசா ஒன்னு காசு குடுத்து வாங்கியிருந்தாங்க. இப்ப அந்த நாலும் சுத்திட்டே இருக்கு.

கடைசியா என்ன வேலை தெரியும், என்ன கத்துக்குடுப்பீங்க. டெய்லரிங், டியூஷன், இட்லி மாவு, பலகாரம், பூ கட்டுறது, பேங்க் ஃபார்ம் நிரப்பித் தர்றது. ஒரு ரிட்டயர்ட் தலைமை ஆசிரியர் "மனு எழுதித் தரேன்"னு எழுதியிருந்தாரு. அத பார்த்துட்டு முதியோர் பென்ஷன் மனுவுக்காக அவர்கிட்ட போனவங்க பல பேரு.

சாதி, மதம், வருமானம், சொந்த வீடா வாடகையா, இது எதையும் கேக்காதீங்க. தேவையில்ல, கேட்டா சந்தேகம் தான் வரும்.

எத அச்சடிக்கக் கூடாது

இத நல்லா படிச்சுக்கோங்க. "இந்த வீட்ல பாட்டி தனியா இருக்காங்க"ன்னு புத்தகத்துல போட்டா அது திருடனுக்கு வழிகாட்டி. அதனால ரெண்டு பட்டியல் வேணும். ஒன்னு எல்லார் கைக்கும் போற பொது புத்தகம். இன்னொன்னு, தனியா இருக்கிறவங்க, நடக்க முடியாதவங்க, டயாலிசிஸ் போறவங்க, கர்ப்பிணிங்க, கைக்குழந்தை இருக்கிற வீடு, இது தனி நோட்டு, கையெழுத்துல, தெருவுல எல்லாரும் நம்புற மூணு பேர்கிட்ட மட்டும். ஃபோட்டோ எடுத்து அனுப்பக் கூடாது, கம்ப்யூட்டர்ல ஏத்தக் கூடாது. மழைக்கு எச்சரிக்கை வந்தா அந்த மூணு பேரும் ஆளுக்கு நாலு அஞ்சு வீடா பிரிச்சு எடுத்துட்டு நேர்ல போய் பார்த்துருவாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ இந்த நோட்ட வெச்சுதான் முதல் நாள் சாயங்காலமே எங்க தெருவுல கீழ்வீட்ல இருந்த எல்லா பெரியவங்களையும் மாடிக்கு மாத்திட்டோம். தண்ணி இந்த தடவையும் வந்துச்சு. ஆனா யாரும் டேபிள் மேல உக்காந்திருக்கல.

பொது புத்தகத்துலயும் யார் எத போட வேண்டாம்னு சொல்றாங்களோ அத போடாதீங்க. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம்னு வந்திருக்கு, சம்மதம் வாங்கணும், எதுக்குன்னு சொல்லணும், வேண்டாம்னு சொன்னா எடுத்துரணும், அதோட சாரம் இதுதான். சட்டத்த விடுங்க, மரியாதையே அதுதானே. ஃபார்ம் கடைசில "இந்த விவரத்த தெரு டைரக்டரில போட சம்மதம்"னு ஒரு வரி, கையெழுத்து. ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்துல "போடலாம் / நோட்டுல மட்டும்"னு ரெண்டு கட்டம். 18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க பேரு நம்பர் எதுவும் வேண்டாம். தனியா இருக்கிற பொண்ணுங்க நம்பர அவங்க தெளிவா சொன்னா தவிர போடாதீங்க, சில பேர் தலைப்பு எழுத்து மட்டும் போதும்னு சொல்வாங்க, அப்படியே போடுங்க.

பிடிஎஃப்பா வாட்ஸ்அப்ல விடலாமான்னு ஒவ்வொரு வருஷமும் கேள்வி வருது. விடாதீங்க, அது ஒரு நாள்ல ரியல் எஸ்டேட் ஏஜென்ட் கைக்கும் லோன் குடுக்கிறேன்னு கூப்பிடுறவன் கைக்கும் போயிரும்.

சேவை பக்கம்: ஆளுங்களும் ஆபீஸ் நம்பரும்

பிளம்பர், எலக்ட்ரீஷியன், கொத்தனார், தென்னை மரம் ஏறுறவர், ஏசி மெக்கானிக், கேன் தண்ணி, தண்ணி லாரி, ஆட்டோ, பேப்பர் போடுறவர், சமையலுக்கு வர்ற அக்கா. இவங்ககிட்டயும் போய் கேட்டு சம்மதம் வாங்கிட்டு தான் போடணும். எந்த நேரத்துல கூப்பிடலாம், எந்த நாள் லீவு, அதையும் கேட்டு போடுங்க, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. தெருவுல குறைஞ்சது ரெண்டு வீடு அவங்க வேலைய பார்த்திருக்கணும்னு ஒரு விதி வெச்சோம். கூலி எவ்வளவுன்னு போடாதீங்க, அது பெரிய சண்டைல முடியும். கழிவுநீர் தொட்டிக்கு லாரிக்காரங்க நம்பர் மட்டும் தான். மனுஷன உள்ள இறக்கி சுத்தம் பண்றேன்னு சொல்ற யார் நம்பரும் எங்க புத்தகத்துல வராது. 2013 சட்டப்படி அது குற்றம், அது இல்லாட்டியும் ஒரு உயிர் சார் அது.

அரசாங்க நம்பருங்க முதல் பக்கத்துலயே, கண்ணாடி இல்லாம படிக்கிற அளவுக்கு பெருசா. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101 (பாம்பு வந்தாலும் இவங்கள கூப்பிடலாம்), பெண்களுக்கு 181, குழந்தைங்களுக்கு 1098, முதியோருக்கு 14567, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆன்லைன்ல காசு ஏமாந்தா உடனே 1930, கரண்டுக்கு மின்னகம் 94987 94987. சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ள இருந்தா 1913. இந்த எல்லை விஷயத்த கவனமா பாருங்க, எங்க மாதிரி புறநகர்ல ரோட்டுக்கு இந்தப்பக்கம் ஊராட்சி அந்தப்பக்கம் மாநகராட்சி, தெருவிளக்குக்கு யார்கிட்ட போறதுன்னே பாதி பேருக்கு தெரியாது. வார்டு எண், கவுன்சிலர் ஆபீஸ், எந்த போலீஸ் ஸ்டேஷன் எல்லை, எந்த இ.பி. செக்‌ஷன் ஆபீஸ், விஏஓ ஆபீஸ், ரேஷன் கடை எண், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், இதெல்லாம் நேர்ல போய் விசாரிச்சு எழுதுங்க. நம்ம தெருவுக்கு கரண்ட் வர்ற டிரான்ஸ்பார்மர்ல எழுதியிருக்கிற பேரையும் குறிச்சுக்கோங்க, புகார் குடுக்கும்போது அத சொன்னா லைன்மேன் நேரா அங்க வந்துருவாரு.

அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு நம்பருக்கும் நீங்களே ஒரு தடவ போன் பண்ணி பாருங்க, அவசர நம்பருங்கள தவிர. ஒரு இலக்கம் மாறிப்போய் முதல் வருஷம் பிளம்பர் நம்பருக்கு பதிலா யாரோ ஒரு அம்மாவுக்கு ஆறு மாசம் போன் போயிட்டே இருந்துச்சு, பாவம்.

காகிதத்துல தான், ஏன்னா

2015ல எல்லார் நம்பரும் எங்க செல்லுல தான் இருந்துச்சு, செல் அணைஞ்சதும் எல்லாம் போச்சு. அதனால காகிதம். ஏ5 அளவு, நடுவுல பின் அடிச்சது, பக்கத்து டிடிபி சென்டர்ல டைப் பண்ணி ஜெராக்ஸ் போட்டா போதும், கலர் வேண்டாம். பின் அட்டைல தெரு வரைபடம், பசங்கள வரைய சொல்லுங்க, ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம், கிணறு, கோயில், டிரான்ஸ்பார்மர், எந்த பக்கம் பள்ளம், தண்ணி எந்த வழியா வரும், மாடி இருக்கிற வீடு எது. முதல் பக்கத்த மட்டும் லேமினேட் பண்ணி இஸ்திரி வண்டி, மளிகை கடை, டீ கடை, பிள்ளையார் கோயில் சுவர்ல மாட்டிருங்க.

காசு விஷயம். வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணாதீங்க, குடுக்க முடியாதவங்க வெக்கப்பட்டு பேரே வேண்டாம்னுருவாங்க. நாங்க ஒரு உண்டியல் வெச்சோம், யார் எவ்வளவு போட்டாங்கன்னு தெரியாது, கணக்க மட்டும் கடைசி பக்கத்துல போட்டுருவோம். விளம்பரம் தர்றேன்னு கடைக்காரங்க வருவாங்க, சின்ன கடைங்க எல்லாத்தையும் இலவசமாவே போடுங்க. அரசியல் கட்சிக்காரங்க அட்டைய ஸ்பான்சர் பண்றேன்னு வந்தா நன்றி சொல்லி அனுப்பிருங்க, மறுநாளே பாதி தெரு அத தொடாது.

குடுக்கிறத ஒரு விசேஷமா பண்ணுங்க

வாசல்ல சொருகிட்டு வராதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெருவ மறிச்சு நாற்காலி போட்டு, சுண்டல் டீ, எல்லாரையும் வர சொல்லி கைல குடுங்க. வேலைக்கு வர்ற அக்கா, இஸ்திரி அண்ணன், குப்பை வண்டில வர்ற தூய்மைப் பணியாளருங்க எல்லாருக்கும் நாற்காலி. முதல் பிரதிய எங்க இஸ்திரி அண்ணனுக்கு குடுத்தோம், அவர் பேர் முதல் பக்கத்துல இருக்கிறத பார்த்துட்டு அவரு பேசவே இல்ல, வேட்டி மடிப்புல பத்திரமா வெச்சுக்கிட்டாரு.

வீடு வீடா போனப்போ ஃபார்ம் பின்னாடி எழுதுன குறைங்க இருக்கும்ல, தெரு லைட், சாக்கடை அடைப்பு, நாய் தொல்லை, அதெல்லாத்தையும் ஒன்னா தொகுத்து கிராம சபைல குடுங்க. தமிழ்நாட்டுல ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நகரத்துல இருந்தா ஏரியா சபை இருக்கு. ஒருத்தர் போய் சொன்னா "பார்க்கலாம்"பாங்க, 64 வீட்டு விவரத்தோட போய் இத்தனை வீட்டு வாசல்ல தண்ணி நிக்குதுன்னு பேப்பர வெச்சா எழுதி வாங்கிக்குவாங்க. எங்க ரெண்டாவது குறுக்கு தெரு கால்வாய் அடைப்பு அப்படித்தான் எடுத்தாங்க.

வருஷா வருஷம் திருத்துறது

பத்து வீட்டுக்கு ஒருத்தர்னு பொறுப்பு பிரிச்சு விடுங்க. வீடு காலி பண்றவங்க நம்பர அடிச்சுட்டு புதுசா வர்றவங்க வீட்டுக்கு அவங்க தான் முதல்ல போகணும், பால் காய்ச்சுற அன்னிக்கே ஒரு புத்தகத்தோட போனா அந்த குடும்பம் அத மறக்கவே மாட்டாங்க. நடுவுல பொங்கல் சமயத்துல ஒரு திருத்த தாள், ஒரே பக்கம், அவங்கவங்க புத்தகத்துல ஒட்டிக்கலாம். பழைய புத்தகங்கள திரும்ப வாங்கி கிழிச்சுருங்க, எடைக்கு போட்டா நம்பரெல்லாம் எங்கயோ போகும்.

இன்னொன்னு, யாராவது இறந்துட்டா நீங்களா பேர எடுத்துறாதீங்க, வீட்ல ஒரு வார்த்தை கேளுங்க. 2015ல டேபிள் மேல உக்காந்திருந்தாங்களே அந்த ஐயா, 2021ல தவறிட்டாரு. அந்த வருஷம் திருத்தம் எழுத போனப்போ பேனாவ கைல வெச்சுக்கிட்டு எப்படி கேக்கிறதுன்னு தெரியாம நின்னேன். அம்மாவே புத்தகத்த எடுத்துட்டு வந்து அந்த பக்கத்த திறந்து காட்டி, "அவர் பேரு இருக்கட்டும்பா, நம்பர் மட்டும் என்னோடத போடு"ன்னாங்க. எங்க புத்தகத்துல 14ம் நம்பர் வீட்ல இன்னும் அப்படித்தான் இருக்கு.